ஒரு கையில் தத்தெடுப்பு, மறு கையில் தாரைவார்ப்பு

மருத்துவக் கல்வியில் ‘மக்கள் பங்கேற்பு’ யாருடைய நலனுக்காக?

தேசிய மருத்துவ ஆணையம் 2022-ஆம் ஆண்டில் எம்பிபிஎஸ் மாணவர்களுக்குக் ‘குடும்பத் தத்தெடுப்புத் திட்டம்’ என்ற ஒன்றை அறிமுகப்படுத்தியது. முதலாண்டில் நுழையும் ஒவ்வொரு மாணவரும் கிராமத்துக் குடும்பங்கள் ஐந்தைத் தத்தெடுக்க வேண்டும். அவர்களது உடல்நலத்தைப் படிப்பு முடியும் வரை பின்தொடர்ந்து குறிப்பேட்டில் பதிய வேண்டும் என்பது அதன் சாரம். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2020 ஜனவரியில், நிதி ஆயோக் இன்னோர் ஆவணத்தை வெளியிட்டது. மாவட்ட அரசு மருத்துவமனைகளைத் தனியார் மருத்துவக் கல்லூரிகளோடு ‘இணைப்பதற்கான’ மாதிரி ஒப்பந்தம் அது.

முதல் ஆவணம் மாணவரை மக்களிடம் அனுப்புகிறது. இரண்டாம் ஆவணம் மக்களின் மருத்துவமனையை முதலாளியிடம் அனுப்புகிறது. இரண்டுக்கும் சூட்டப்பட்டுள்ள பெயர் ஒன்றுதான்: கூட்டாண்மை. ஒரே சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று பகையான இரண்டு பொருள்கள் ஒளிந்திருக்கும்போது, எந்தப் பொருள் எந்த வர்க்கத்துக்கு உரியது என்று பிரித்துக் காட்டுவது அரசியல் கடமையாகிறது. மருத்துவரும் செவிலியரும் எங்கே, யாரிடம், யாருடைய மேற்பார்வையில் பயிற்சி பெறுகிறார்கள் என்பது கல்வியாளர்கள் மட்டும் பேசி முடிக்கும் விவகாரம் அல்ல. நாளை உழைக்கும் மக்களின் உடல்மீது கை வைக்கப்போகும் மருத்துவர் எப்படிப்பட்டவராக இருப்பார் என்பதை முடிவு செய்யும் கேள்வி அது.

காலிப் படுக்கைகளும் கடன் வாங்கிய நோயாளிகளும்

தனியார் மருத்துவக் கல்லூரிகள் மாவட்ட மருத்துவமனைகளைக் குறிவைப்பது ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, அந்தக் கல்லூரிகளின் பெரும் பிரச்சினை எது என்று பார்க்க வேண்டும். அவற்றிடம் கட்டடம் இருக்கிறது, கருவி இருக்கிறது, கோடி ரூபாய் வரை கட்டணம் செலுத்தும் மாணவர்களும் இருக்கிறார்கள். பல கல்லூரிகளிடம் இல்லாதது நோயாளிகள்தான்.

மருத்துவம் புத்தகத்தில் மட்டும் கற்கும் கல்வி அன்று. காய்ச்சலையும் பிரசவத்தையும் காசநோயையும் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுக் கற்க வேண்டியது. எனவேதான் கல்லூரி தொடங்க இத்தனை படுக்கைகள், அவற்றில் இத்தனை விழுக்காடு நோயாளிகள் என்று விதிமுறைகள் கேட்கின்றன. ஆனால், கட்டணம் வாங்கும் மருத்துவமனைக்கு ஏழை நோயாளி எப்படி வருவார்? நகரத்து நடுத்தர வர்க்கத்தினரோ மாணவர்கள் தம்மைத் தொட்டுப் பழகுவதை விரும்புவதில்லை. விளைவு, காலிப் படுக்கைகள். ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் படுக்கைகளை நிரப்ப ஆட்களைப் பிடித்து வருவதும், ஏட்டில் மட்டும் வாழும் பேராசிரியர்களைக் காட்டுவதும் நாடறிந்த மோசடிகள். தனியார் கல்லூரிகளுக்கு ஆய்வு விவரங்கள் முன்கூட்டியே கசியவிடப்பட்டன, போலிப் பேராசிரியர்களும் போலி நோயாளிகளும் காட்டப்பட்டனர் என்ற குற்றச்சாட்டில் 2025-இல் சிபிஐ பதிவு செய்த வழக்கில் சுகாதார அமைச்சக அதிகாரிகளின் பெயர்களே இடம்பெற்றன.

செவிலியர் கல்வியின் நிலையும் வேறல்ல. மத்தியப் பிரதேசத்தில் உரிய வசதிகளின்றி நடந்த செவிலியர் கல்லூரிகள் குறித்து உயர்நீதிமன்ற உத்தரவின் பேரில் சிபிஐ விசாரித்தது. 2024-இல் அந்த விசாரணையில் ஈடுபட்ட சிபிஐ அதிகாரிகளே லஞ்சம் வாங்கிய வழக்கில் கைதானார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதை இது. அப்படிப்பட்ட இடங்களில் பட்டம் பெற்று வரும் இளம்பெண்களைக் குறை சொல்வதில் பயனில்லை. அவர்களும் கட்டணம் கட்டி ஏமாந்தவர்களே.

இந்நிலையில் நிதி ஆயோக் கண்டுபிடித்த தீர்வு எளிமையானது. நோயாளிகள் தனியார் கல்லூரியைத் தேடி வரவில்லையா? நோயாளிகள் நிறைந்திருக்கும் மாவட்ட அரசு மருத்துவமனையையே தனியாரிடம் கொடுத்துவிடு! மருத்துவக் கல்வி நிர்வாகத்தின் மொழியில் நோயாளிகளுக்கு ஒரு பெயர் உண்டு: ‘கிளினிக்கல் மெட்டீரியல்’. மருத்துவக் கச்சாப் பொருள் என்று அதைத் தமிழில் சொல்லலாம். இரும்புத் தாதுவும் நிலக்கரியும் எப்படிக் கார்ப்பரேட்டுகளுக்குக் கைமாறினவோ, அதே வழியில் ஏழைகளின் நோயும் ஒரு கச்சாப் பொருளாகக் கைமாறுகிறது.

ஒப்பந்தத்தின் கணக்கு

நிதி ஆயோக்கின் மாதிரி ஒப்பந்தம் மாவட்ட மருத்துவமனையை 60 ஆண்டுகளுக்குத் தனியாருக்கு அளிக்கிறது. இரண்டு தலைமுறைக் காலம் அது. மருத்துவமனையின் படுக்கைகள் இரண்டு சாதிகளாகப் பிரிக்கப்படுகின்றன: ‘ஒழுங்குபடுத்தப்பட்ட படுக்கைகள்’, ‘சந்தைப் படுக்கைகள்’. ஏறத்தாழப் பாதிப் படுக்கைகளுக்குத் தனியார் தம் விருப்பப்படி சந்தை விலை வைக்கலாம். இலவச சிகிச்சை வேண்டும் நோயாளி, மாவட்ட சுகாதார அதிகாரியிடம் அதற்கான அனுமதியைப் பெற்று வர வேண்டும். நேற்று வரை உரிமையோடு வாசலில் நுழைந்தவர், நாளை தம் வறுமைக்குச் சான்று வாங்கி வந்தால்தான் இலவசமாக நுழைய முடியும்.

‘அரசிடம் பணமில்லை, எனவே தனியார் முதலீடு தேவை’ என்பதே இதற்குச் சொல்லப்படும் நியாயம். இந்த நியாயம் எவ்வளவு பொய்யானது என்பதை ஒன்றிய அரசின் முடிவே அம்பலப்படுத்துகிறது. 2020 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த நிதி இடைவெளி நிரப்பும் திட்டத்தின்படி, சுகாதாரம், கல்வி ஆகிய துறைகளின் முன்னோடித் திட்டங்களுக்கு மூலதனச் செலவில் 40 விழுக்காடு வரை ஒன்றிய அரசும், இன்னொரு 40 விழுக்காடு வரை மாநில அரசும் தரலாம். போதாக்குறைக்கு முதல் ஐந்தாண்டுகளின் இயக்கச் செலவிலும் பாதி வரை பொதுப்பணத்திலிருந்தே வழங்கலாம். நிலம் மக்களுடையது, மருத்துவமனை மக்களுடையது, மூலதனத்தில் நூற்றுக்கு எண்பது வரை மக்களுடையது, நோயாளியும் மக்களே. தனியாருடையது எது? மாணவர் கட்டும் கட்டணமும் சந்தைப் படுக்கையின் லாபமும் மட்டுமே. எண்பது ரூபாய் கொடுக்க முடிந்த அரசுக்கு எஞ்சிய இருபது ரூபாய்தான் கிடைக்கவில்லையாம்!

இது ஏட்டளவில் நின்றுவிட்ட திட்டம் அல்ல. குஜராத்தின் பூஜ் நகரில் 2001 நிலநடுக்கத்துக்குப் பின் பிரதமரின் நிவாரண நிதியில் மீண்டும் கட்டப்பட்ட பொது மருத்துவமனை, 2009-இல் அதானி குழுமத்தின் மருத்துவக் கல்லூரிக்கு ஒப்படைக்கப்பட்டது. நாடு முழுவதிலிருந்தும் மக்கள் அனுப்பிய நிவாரணப் பணம், ஒரு கார்ப்பரேட் கல்லூரியின் பயிற்சிக் கூடமாயிற்று. அங்கு ஐந்தாண்டுகளில் 1,018 குழந்தைகள் இறந்ததாக 2019 பிப்ரவரியில் குஜராத் சட்டமன்றத்தில் அரசே எழுத்துமூலம் தெரிவித்தது. குறைப்பிரசவம், நோய்த்தொற்று முதலியவை காரணம் என்றும், சிகிச்சை நெறிமுறைகளின்படியே நடந்தது என்றும் அரசு அமைத்த குழு கூறியது. அந்தக் குழுவின் முடிவு சரியோ தவறோ, கட்ச் மாவட்டத்தின் தாய்மார்கள் கேள்வி கேட்க அந்த மருத்துவமனையில் என்ன மன்றம் இருக்கிறது? அவர்களுடைய பிரதிநிதி எந்த நிர்வாகக் குழுவில் அமர்ந்திருக்கிறார்? கூட்டாண்மை என்று சொல்கிறீர்களே, கூட்டாளிகளில் ஒருவராக அந்தத் தாயின் பெயர் எந்தப் பத்திரத்தில் உள்ளது?

ஆந்திரத்தின் சித்தூரில் மாவட்ட மருத்துவமனை, அப்பல்லோ மருத்துவக் கல்லூரிக்கான பயிற்சி மருத்துவமனையாக்கப்பட்டது. அதே மாநிலத்தில் 2025 செப்டம்பரில், அரசுக் கல்லூரிகளாகத் திட்டமிடப்பட்டிருந்த பத்து மருத்துவக் கல்லூரிகளைப் பொது-தனியார் கூட்டு முறைக்கு மாற்ற அமைச்சரவை முடிவெடுத்தது. இடதுசாரிக் கட்சிகளும் மாணவர் அமைப்புகளும் அதை எதிர்த்து வீதிக்கு வந்தன. கர்நாடகத்தின் விஜயபுராவில், ‘கூட்டுக் கல்லூரி வேண்டாம், அரசுக் கல்லூரி வேண்டும்’ என்ற முழக்கத்துடன் மக்கள் தொடர் தர்ணா நடத்தினார்கள். ஆள்வது எந்த முதலாளித்துவக் கட்சியாயினும் கொள்கை ஒன்றே என்பதற்கும், அதை எதிர்க்கும் உணர்வு மக்களிடம் உண்டு என்பதற்கும் இவை சான்று.

‘தத்து’ என்னும் சொல்லின் ஆணவம்

குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தையும் இதே கண்ணோட்டத்தில் எதிர்க்க வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். மாணவர் கிராமத்துக்குப் போவதை எந்த இடதுசாரியும் எதிர்க்க மாட்டார். கல்லூரியின் குளிரூட்டப்பட்ட அரங்கில் ‘ரத்தசோகை’ என்று படித்தவர், கூலி வேலைக்குப் போய்வந்து கடைசியாகச் சாப்பிடும் ஒரு தாயின் அடுப்படியில் அதன் காரணத்தைப் பார்ப்பது நல்லதே. முதுகலை மாணவர்கள் மூன்று மாதங்கள் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்ற 2020-ஆம் ஆண்டு விதியும் நோக்கத்தில் சரியானதே.

சிக்கல் அதிகாரத்தில் இருக்கிறது. ‘தத்து’ என்ற சொல்லையே பாருங்கள். தத்தெடுப்பது யாரை? பெற்றோர் அற்ற பிள்ளையை. இருபது வயதும் நிரம்பாத ஒரு மாணவர், மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய ஒரு விவசாயத் தொழிலாளியைத் தத்தெடுக்கிறாராம்! கற்க வருபவர் கொடையாளி ஆகிறார். கற்பிக்கும் மக்கள் பயனாளி ஆகிறார்கள். அந்தக் குடும்பங்கள் மாணவரை மதிப்பிட முடியுமா? அந்தக் கிராம சபை கல்லூரியின் பாடத்திட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல முடியுமா? ‘எங்கள் ஊரில் பூச்சிமருந்து நச்சால் சாகிறார்கள், அதைப் படித்துவிட்டு வாருங்கள்’ என்று கேட்க வழி உண்டா? இல்லை. குறிப்பேடு நிரம்புகிறது, மதிப்பெண் விழுகிறது, மாணவர் போய்விடுகிறார். அவர் எழுதிக்கொண்ட ரத்த அழுத்தக் கணக்கு மட்டும் ஊரில் எஞ்சுகிறது, மாத்திரை எஞ்சுவதில்லை.

அந்த மாணவரை வீடு வீடாக அழைத்துச் சென்று, ‘இவர் நம்ம புள்ளைதான், பயப்படாம பேசு’ என்று அறிமுகம் செய்துவைப்பவர் பெரும்பாலும் யார்? ஆஷா ஊழியர். மக்களுக்கும் மருத்துவத்துக்கும் நடுவே உள்ள ஒரே உயிருள்ள பாலம் அவர். தம் ஊரின் கர்ப்பிணிகளையும் காசநோயாளிகளையும் பெயர் சொல்லி அறிந்தவர். நாட்டில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இப்படி இருக்கிறார்கள். 2022-இல் உலக சுகாதார அமைப்பு அவர்களுக்கு விருது வழங்கியபோது பிரதமர் வாழ்த்துச் சொன்னார். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர் ‘தன்னார்வலர்’. வழக்கமான பணிகளுக்கான மாத ஊக்கத்தொகையாக ஒன்றிய அரசு தந்தது 2,000 ரூபாய். நெடிய போராட்டங்களுக்குப் பின் 2025-இல் அது 3,500 ஆக அறிவிக்கப்பட்டது. திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்துக் குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் தர வேண்டும் என்று 2013-இல் 45-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. இன்றுவரை அது கிடப்பில். மருத்துவ மாணவருக்கு மக்களைக் கற்பிக்கும் ஆசிரியையை ஊதியமின்றி வைத்துக்கொண்டு ‘மக்கள் பங்கேற்பு’ பேசுவதைக் காட்டிலும் போலித்தனம் வேறில்லை.

எண்பது ஆண்டு வாக்குறுதிகள்

இந்த வாக்குறுதிகள் புதியவை அல்ல. 1943-இல் அமைக்கப்பட்டு 1946-இல் அறிக்கை தந்த போர் குழு, ‘சமூக மருத்துவர்’ என்ற இலட்சியத்தை முன்வைத்தது. நோய்த்தடுப்பு, சமூக மருத்துவம் ஆகியவற்றில் ஒவ்வொரு மாணவருக்கும் மூன்று மாதப் பயிற்சி, ஊர்தோறும் ஐந்து முதல் ஏழு பேர் கொண்ட சுகாதாரக் குழு என்பன அதன் பரிந்துரைகளில் அடங்கும். சோவியத் மருத்துவ அமைப்பை ஆராய்ந்து எழுதிய ஹென்றி சிகரிஸ்ட் அக்குழுவுக்கு ஆலோசனை வழங்க இந்தியா வந்தார். அதே குழுதான், கிராமங்களில் பணியாற்றிவந்த குறுகியகாலப் படிப்பு மருத்துவர்களின் பயிற்சியை நிறுத்தி ஒரே உயர்தரப் பட்டம் போதும் என்றும் சொன்னது. உறுப்பினர்கள் சிலர் அதை ஏற்க மறுத்து மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தனர். சுதந்திர இந்தியாவின் ஆட்சியாளர்கள் குழுவின் பட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், ஊர்க்குழுவை விட்டுவிட்டார்கள்.

1975-இல் ஸ்ரீவாஸ்தவ் குழு, இந்திய மருத்துவக் கல்வி நாட்டின் தேவையிலிருந்து விலகி நிற்கிறது என்று விமர்சித்து, சமூகத்திலிருந்தே சுகாதாரப் பணியாளர்களை உருவாக்கச் சொன்னது. 1977-இல் மருத்துவக் கல்லூரி ஒவ்வொன்றும் மூன்று ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பொறுப்பேற்கும் மறுநோக்குத் திட்டம் வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று, ஊரே தேர்ந்தெடுக்கும் சமூக சுகாதாரப் பணியாளர் திட்டமும் தொடங்கியது. மூன்று மாதப் பயிற்சி, மாதம் 50 ரூபாய் மதிப்பூதியம். சில ஆண்டுகளிலேயே ‘பணியாளர்’ என்ற பெயர் ‘தொண்டர்’ ஆகி, பின்னர் ‘வழிகாட்டி’ ஆயிற்று. பெயர் மாறியதன் பொருள் தெளிவு: பணியாளர் என்றால் ஊதியம் கேட்பார். 1978-இல் அல்மா ஆட்டாவில் ‘அனைவருக்கும் நல்வாழ்வு’ பிரகடனத்தை இந்தியாவும் ஏற்றது. திட்டங்கள் பிறந்தன, பெயர் மாறின, மறைந்தன.

ஏன் தோற்றன? அறிக்கை எழுதியவர்களின் அறிவுக்குறைவால் அல்ல. மருத்துவக் கல்வியில் நுழைபவர் எந்த வர்க்கத்தினர், படித்து முடிப்பவருக்கு எங்கே வருமானம், பேராசிரியரின் பதவி உயர்வு எதைச் சார்ந்தது என்ற மூன்று கேள்விகளையும் தொடாமல், மேலே ஒரு பாடத்தை ஒட்டவைத்ததால் தோற்றன. சந்தை மருத்துவத்தின் அடிமரம் அப்படியே இருக்க, கிளையில் மட்டும் சமூக மருத்துவத்தை ஒட்டுப்போட்டால் காய்ப்பது சந்தையின் காய்தான்.

விளைவைப் புள்ளிவிவரம் சொல்கிறது. 2014-இல் 387 ஆக இருந்த மருத்துவக் கல்லூரிகள் 2024-25-இல் 780 ஆகிவிட்டன, இடங்கள் இரட்டிப்பாகிவிட்டன என்று ஒன்றிய அரசு மார்தட்டுகிறது. அதே அரசின் கிராம சுகாதாரப் புள்ளிவிவரம் (2021-22), சமுதாய சுகாதார நிலையங்களில் தேவைப்படும் சிறப்பு மருத்துவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காடு பற்றாக்குறை என்கிறது. கல்லூரி பெருகினால் கிராமத்துக்கு மருத்துவர் தாமாக வழிந்தோடி வருவார் என்ற வாதத்துக்கு இதைவிட வேறு மறுப்பு வேண்டியதில்லை. கோடி செலவழித்துப் படித்தவர் அந்தக் கோடியை எங்கே மீட்க முடியுமோ அங்கேதான் போவார்.

தல்லி ராஜ்ஹரா காட்டிய வழி

‘எல்லாவற்றையும் எதிர்க்கிறீர்கள், உங்கள் மாற்று என்ன?’ என்பது வழக்கமான கேள்வி. மாற்றை இந்தியத் தொழிலாளி வர்க்கம் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கட்டிக் காட்டியிருக்கிறது.

சத்தீஸ்கரின் தல்லி ராஜ்ஹராவில் இரும்புத் தாதுச் சுரங்கங்களின் ஒப்பந்தத் தொழிலாளர்கள் 1977-இல் தமக்கெனச் சங்கம் கண்டார்கள். சங்கர் குஹா நியோகி அதன் தலைவர். அந்த ஆண்டு ஜூனில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 11 பேர் மாண்டார்கள். 1980-இல் சங்கத் தலைவர்களில் ஒருவரான குசும்பாய் பிரசவத்தின்போது உரிய சிகிச்சை கிடைக்காமல் இறந்தார். நிரந்தரத் தொழிலாளருக்கு மருத்துவமனை இருந்த ஊரில், தாதுவை வெட்டியெடுத்த ஒப்பந்தத் தொழிலாளிப் பெண்ணுக்கு ஒரு பிரசவக் கட்டில் இல்லை. இனி இப்படி ஒரு தாய் சாகக்கூடாது என்று தொழிலாளர்கள் உறுதி ஏற்றார்கள். 1982-இல் ஒரு சிறு மருந்தகம். 1983 ஜூன் 3 அன்று 15 படுக்கைகளுடன் தியாகிகள் மருத்துவமனை, ‘ஷஹீத் அஸ்பத்தால்’. பணம் தொழிலாளருடையது, உடலுழைப்பும் தொழிலாளருடையது.

பினாயக் சென் உள்ளிட்ட இளம் மருத்துவர்கள் அங்கே சென்றார்கள். அவர்கள் அந்த ஊரைத் தத்தெடுக்கவில்லை. அந்த ஊர்தான் அவர்களை வேலைக்கு ஏற்றுக்கொண்டது. சுரங்கத் தொழிலாளர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். வயிற்றுப்போக்குக்கு வீட்டிலேயே உப்பு-சர்க்கரைக் கரைசல் தயாரிப்பது, தேவையற்ற ஊசிக்கும் டானிக்குக்கும் காசைக் கொட்டாமலிருப்பது, மதுவுக்கு எதிரான இயக்கம் என மருத்துவம் சங்கத்தின் அன்றாட வேலையாயிற்று. மருத்துவர் தொழிலாளிக்கு உடற்கூறு கற்பித்தார். தொழிலாளி மருத்துவருக்கு வேலையிடத்தையும் கூலியையும் பசியையும் கற்பித்தார். 1991 செப்டம்பர் 28 அன்று நியோகி உறங்கிக்கொண்டிருக்கையில் சுட்டுக் கொல்லப்பட்டார். மருத்துவமனை நின்றது. நியோகியின் அரசியல் நிலைப்பாடுகள் அனைத்தோடும் உடன்பட வேண்டியதில்லை. கூட்டாண்மை என்ற சொல்லுக்குத் தொழிலாளி வர்க்கம் தரும் பொருள் எது என்பதை அந்த மருத்துவமனையின் சுவர்கள் சொல்கின்றன.

அரசு அதிகாரத்தின் துணையோடு இதை விரிவாக்க முடியும் என்பதற்குக் கேரளம் சான்று. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறு அறையில் தொடங்கிய வலி தணிப்பு மருத்துவம், 1999 முதல் மலப்புறம் பகுதியில் அக்கம்பக்கத் தொண்டர்களின் வலைப்பின்னலாக வளர்ந்தது. 1996-இல் தொடங்கிய மக்கள் திட்டத்தின் கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பஞ்சாயத்துகளின் பொறுப்பில் வந்திருந்தன. 2008-இல் இடது ஜனநாயக முன்னணி அரசு வலி தணிப்புப் பராமரிப்புக்கென மாநிலக் கொள்கையை அறிவித்து, உள்ளாட்சிகளை அதன் மையத்தில் வைத்தது. மருத்துவரும் செவிலியரும் ஊர்த் தொண்டரும் ஒரே வீட்டில், ஒரே நோயாளியின் கட்டிலருகே பயிற்சி பெறும் முறை அங்கே உருவாயிற்று. ஊதியம் வாங்கும் செவிலியரும் கேள்வி கேட்கும் பஞ்சாயத்தும் இருந்ததால்தான் தொண்டரின் சேவை சுரண்டலாக மாறாமல் நின்றது.

கியூபா இன்னும் ஒரு படி மேலே சென்றது. 1984-இல் குடும்ப மருத்துவர்-செவிலியர் திட்டத்தைத் தொடங்கிய அந்நாடு, பொருளாதாரத் தடைக்கு நடுவிலும் 1999-இல் லத்தீன் அமெரிக்க மருத்துவப் பள்ளியைத் திறந்து அயல்நாட்டு ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாக மருத்துவம் கற்பித்தது. 2020 பெருந்தொற்றின்போது மருத்துவ மாணவர்கள் வீடு வீடாகச் சென்று நோய்க்குறி விசாரித்தார்கள். அங்கும் மாணவர் வீட்டுக்குப் போகிறார். ஆனால் அவர் பின்னால் ஒரு மருத்துவரும், ஒரு பாலிகிளினிக்கும், லாபம் தேடாத ஓர் அரசும் நிற்கின்றன.

நமது கடமை

இங்கே இடதுசாரி இயக்கம் தன்னையும் விமர்சித்துக்கொள்ள வேண்டும். சுகாதாரம் என்பதைப் பல தொழிற்சங்கங்கள் மருத்துவப்படி, காப்பீட்டு அட்டை, சிகிச்சைச் செலவைத் திரும்பப் பெறுதல் என்ற அளவில் சுருக்கிவிட்டன. தொழிலாளர் சந்தாவில் கட்டப்பட்ட இஎஸ்ஐ மருத்துவக் கல்லூரிகளை விட்டு விலக 2015-இல் கழகம் முடிவெடுத்தபோது வீதிக்கு முதலில் வந்தவர்கள் மாணவர்கள். அந்தக் கல்லூரிகளில் தொழில்சார் நோய்கள் எப்படிக் கற்பிக்கப்படுகின்றன என்று எத்தனை சங்கங்கள் கேட்டிருக்கின்றன? நுரையீரலில் பஞ்சும் கல்தூசியும் படிந்து சாகிற தொழிலாளியின் நோயைக் காசநோய் என்று எழுதிக் கொடுக்கும் மருத்துவர் எந்தக் கல்லூரியில் உருவானார் என்று கேட்பதும் வர்க்கப் போராட்டமே.

எனவே, ‘பிபிபி வேண்டாம்’ என்ற மறுப்போடு நில்லாமல், பொதுத்துறை மருத்துவக் கல்வியை மக்கள்மயமாக்கும் கோரிக்கைகளை இயக்கம் கையிலெடுக்க வேண்டும்.

மாவட்ட மருத்துவமனை எதையும் எந்தப் பெயரிலும் தனியாருக்கு ஒப்படைக்கக் கூடாது. ஒப்படைத்தவற்றைத் திரும்பப் பெற வேண்டும். மாவட்டந்தோறும் மருத்துவக் கல்லூரியை அரசே நடத்த வேண்டும். 2025-க்குள் உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடு என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கை அளித்த வாக்கை முதலில் நிறைவேற்றட்டும்.

கல்லூரிகளின் பயிற்சித் திட்டக் குழுக்களில் உள்ளாட்சிகள், தொழிற்சங்கங்கள், விவசாயத் தொழிலாளர் அமைப்புகள், ஆஷா ஊழியர்கள் ஆகியோரின் பிரதிநிதிகளுக்கு வாக்குரிமையுள்ள இடம் வேண்டும். மாணவர் செல்லும் ஊரின் கிராம சபைக்குக் கல்லூரி ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும்: எதைக் கண்டோம், என்ன செய்தோம், எது நடக்கவில்லை, யார் பொறுப்பு என்று. ‘தத்தெடுப்பு’ என்ற சொல்லே பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட வேண்டும்.

ஆஷா ஊழியர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்து நிரந்தரமாக்க வேண்டும். மருத்துவ, செவிலியர் மாணவர்களின் களப்பயிற்சியில் அவர்கள் பயிற்றுநர்கள் என்பதை ஏற்று அதற்குரிய ஊதியம் தர வேண்டும். விரும்புபவர் துணைச் செவிலியர், செவிலியர் படிப்புகளுக்கு முன்னேற அரசுச் செலவில் இடஒதுக்கீடு வேண்டும்.

கிராமப்புற அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்கு முதுகலை இடங்களில் ஒதுக்கீடு வழங்கும் மாநிலங்களின் அதிகாரத்தை, தமிழ்நாட்டு அரசு மருத்துவர்கள் தொடுத்த வழக்கில் 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்சநீதிமன்றத்தின் அரசியல்சாசன அமர்வு உறுதி செய்தது. மக்களுக்கு உழைத்த ஆண்டுகளை உயர்கல்வியின் தகுதியாக்கும் இந்த ஏற்பாட்டை எல்லா மாநிலங்களும் பின்பற்ற வேண்டும்.

இவற்றில் எதுவும் டில்லியில் மனுக் கொடுத்தால் மட்டும் கிடைத்துவிடாது. மருத்துவக் கல்லூரி உள்ள ஒவ்வொரு மாவட்டத்திலும், மாணவர்கள் எந்த ஊர்களுக்கு அனுப்பப்படுகிறார்கள் என்பதை அறிந்து, அந்த ஊர்களின் கிளைகள் அவர்களை வரவேற்க வேண்டும். ரத்த அழுத்தத்தை மட்டும் அளந்துவிட்டுப் போகவிடாமல், நூறு நாள் வேலையின் கூலி நிலுவையையும் ரேஷன் கடையையும் குடிநீர்த் தொட்டியையும் காட்ட வேண்டும். கிராம சபையில் அவர்களைப் பேச அழைக்க வேண்டும். தாமும் கேள்வி கேட்க வேண்டும். வாலிபர், மாணவர் அமைப்புகள் அந்த மாணவர்களோடு நட்புக் கொள்ள வேண்டும். கட்டணக் கொள்ளைக்கும் ஓய்வற்ற பணிநேரத்துக்கும் பலியாகும் பயிற்சி மருத்துவரும் செவிலிய மாணவியும் நாளைய நேச சக்திகள்.

தல்லி ராஜ்ஹராவின் சுரங்கத் தொழிலாளர்கள் எவரிடமும் அனுமதி கேட்டு மருத்துவமனை கட்டவில்லை. ஒரு குசும்பாயின் மரணம் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. இன்று நாடெங்கும் எத்தனையோ குசும்பாய்கள் மாவட்ட மருத்துவமனையின் வாசலில் நிற்கிறார்கள். அந்த வாசலில் ‘சந்தைப் படுக்கை’ என்ற பலகை தொங்கும் முன்பு, அங்கே செங்கொடி நிற்க வேண்டும்.